ஆடும் தொட்டிலை அவிழ்க்கக் கூடாது

ஆழக்கடலில் மிதக்கிற மஞ்சள் மிதவையிலிருந்து கார்மேகம் ஆறு ஆள் கைவிரித்த நீளத்துக்கு, ஆறு பாகம் கயிறு அறுத்துக்கொண்டு வந்து, அதில் தன் மகள் கனிஷ்காவுக்குத் தொட்டில் கட்டிய மறுநாள் காலையில், ஓரிமுனை ஊரில் காற்றுமில்லாமல் கையுமில்லாமல் அந்தத் தொட்டில் தானாக ஆட ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி நம்புச்செல்வி அப்போது அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை அழாமல் கிடக்கிறதே என்று எட்டிப் பார்த்தவள், தொட்டில் மேற்கே போவதையும் கிழக்கே வருவதையும், நடுவில் ஒரு நொடி தயங்கி லேசாகத் தூக்கிப் போடுவதையும் பார்த்துவிட்டு, புருஷன் ஆட்டிவிட்டுப் போயிருப்பான் என்று திரும்பவும் மீனுக்கே போனாள். அவன் கடலுக்குப் போய் மூன்று மணி நேரமாச்சு என்பது செதிலெல்லாம் வழித்து, குடல் எடுத்து, மீனை உப்புப் போட்டு அலசி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த மிதவையைக் கடல் ஆபீஸ்காரர்கள் நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அலை எவ்வளவு உயரம், தண்ணி எவ்வளவு சூடு, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அது ராவும் பகலும் அளந்து வானத்துக்குச் சொல்லும், வானத்தில் சுற்றுகிற ஒன்று அதை வாங்கி ஆபீசுக்குச் சொல்லும், ஆபீசில் அதை நிறம் நிறமாகப் படம் போட்டு, வரப்போகிற மழை என்ன, வெயில் என்ன என்று பார்ப்பார்கள். குளிர்ந்த தண்ணிக்கு நீலம், காய்ந்த தண்ணிக்குச் சிவப்பு. ஓரிமுனைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. மிதவையின் நிழலில் மீன் அண்டும், அதில் படகைக் கட்டிப்போட்டுத் தூண்டில் போடலாம் என்பது தெரியும். கயிறு உப்பில் நையாத கயிறு என்பது தெரியும். கார்மேகம் அறுத்தான்.

அன்று உச்சிவெயில் ஏறுவதற்குள் தொட்டில் சேலைக்கு நிறம் வந்துவிட்டது. செல்வி வயசுக்கு வந்தபோது தாய்மாமன் எடுத்துக்கொடுத்த வாயில் சேலை அது. துவைத்துத் துவைத்து, முதலில் என்ன நிறம் என்று எடுத்துக்கொடுத்தவரே சொல்ல முடியாதபடி வெளுத்துப்போயிருந்தது. அதில் பிள்ளையின் தலைமாட்டில் நீலம் ஊறியது, இடுப்புப் பக்கம் பச்சை, கால்மாட்டில் மஞ்சள், முந்தானை ஓரத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு. குழம்பில் எண்ணெய் மிதந்து நகருகிற மாதிரி அந்த நிறங்கள் மெல்ல மெல்ல நகர்ந்தன.

தீப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஈஸ்வரி நின்று பார்த்தாள்.

"என்னத்தா செல்வி, புதுச் சேலையிலயா தொட்டில் கட்டிருக்க? பழஞ்சேலைதான் பிள்ளைக்குப் பதம்."

"பழசுதான் மதினி. இப்பத்தான் இப்படி ஆச்சு."

"ஆட்டுறது ஆரு?"

"ஆரும் இல்ல மதினி."

"குடுத்து வச்சவ. என் மகன ஆட்டி ஆட்டி எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு" என்று சொல்லி ஈஸ்வரி தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். ஊருக்குள் சேதி இப்படித்தான் போனது, செல்வி வீட்டுத் தொட்டிலுக்கு ஆட்ட ஆள் தேவையில்லையாம் என்று. பொறாமைப்பட்டார்களே தவிர யாரும் பயப்படவில்லை.

வினை மூன்றாம் நாள் வந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்காக வெளியே எடுத்தாள் செல்வி. நிறமெல்லாம் வெளுத்து, வெறுந்தொட்டில் தன்பாட்டுக்கு ஆடியது.

"அடியே, வெறுந்தொட்டில ஆட விடாத! பிள்ளைக்கு வயித்துவலி வரும்!" என்று வாசலிலிருந்தே கத்தினாள் ஈஸ்வரி.

இது தெரியாத பெண் ஊரில் உண்டா? செல்வி ஓடிப்போய்த் தொட்டிலை இரண்டு கையாலும் பிடித்தாள். தொட்டில் அவளை இழுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போய், அங்கிருந்து அடுப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டது. சாயங்காலம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அதற்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டியிருந்தாள் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப அவிழ்த்துருவோமா மதினி?" என்று செல்வி கேட்டாள்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். ஆடுகிற தொட்டிலை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் பிள்ளை தங்காது. அறுக்கவே கூடாது; பிள்ளை செத்த வீட்டில்தான் தொட்டிலை அறுப்பார்கள், அறுத்தால் மூன்று நாளைக்கு ஊரில் ஒரு வள்ளம் கடலில் இறங்காது. தானாக நிற்கட்டும், நின்றதும் அவிழ்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் பிள்ளை அதிலேயே கிடக்கட்டும் என்று முடிவானது. சரி என்று செல்வி தலையாட்டினாள். நாலு பேருக்கு முன்னால் அவளுக்கு வாய் திறந்து பழக்கமில்லை. தொட்டில் எதன் அசைவுக்கு ஆடுகிறது என்று அப்போது தெரிந்திருந்தால், அது எப்போது நிற்கும் என்றாவது கேட்டிருப்பாள்.

அதைக் கண்டுபிடித்தவர் ஊர்த் தலைவர் வில்லாயுதம். சொந்தமாக மூன்று படகு வைத்திருப்பவர், வலை விஷயமாகக் கார்மேகத்தைத் தேடி வந்தவர், தொட்டிலைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்துவிட்டார். "ஏ மாப்ளே, இது கடலுடா. நேத்து அலை இப்படித்தான் ரெண்டு சின்னது, ஒரு பெருசுன்னு வந்துச்சு" என்றார். மறுநாள் தொட்டிலைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனவர், சொன்னது சரி என்று திரும்பி வந்தார். அதற்கு மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஊரே வந்தது.

வில்லாயுதம் படகுக்குப் பூசுகிற நீலப் பெயிண்டால் செல்வி வீட்டுச் சுவரில் மூன்று கோடு போட்டார். தொட்டில் முதல் கோட்டைத் தொட்டால் வள்ளம் போகாது, இரண்டாம் கோட்டைத் தொட்டால் படகும் போகாது, மூன்றாம் கோட்டைத் தொட்டால் எல்லாரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். நிறத்துக்கும் அவர்களே பொருள் வைத்தார்கள்: நீலம் இருக்கிற பக்கம் சீலா மீன், பச்சைப் பக்கம் சூடை, மஞ்சள் பக்கம் கணவாய். சிவப்பு என்ன என்று தெரியாமல் இருந்தது. ஒருநாள் முந்தானைச் சிவப்பு இருந்த பக்கம் நாலு படகு போய்ப் பார்த்தது. சூடு தாங்காமல் மேலே வந்து கிறுகிறுத்துக் கிடந்த மீனை வலை போடாமலே அள்ளிக்கொண்டு வந்தார்கள். "செவப்புன்னா மங்களம், பின்னென்ன?" என்றார் வில்லாயுதம். அன்றிலிருந்து ஓரிமுனையில் சிவப்புக்கு அதுதான் பொருள்.

தொட்டிலில் பிள்ளை கிடந்தால்தான் நிறம் வந்தது. பூசணிக்காய் வைத்துப் பார்த்தார்கள், மணல் மூட்டை வைத்துப் பார்த்தார்கள், ஈஸ்வரி மகனைப் போட்டுப் பார்த்தார்கள், அவன் அதை நனைத்ததோடு சரி. கனிஷ்காவுக்கு மட்டும்தான் கடல் நிறம் காட்டியது. அதனால் விடிகிற நேரத்தில் வாசல் நிறைய ஆண்கள் நிற்பார்கள், செல்வி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுப்பாள், வெளியே தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும்.

"குடிச்சாச்சாத்தா? போடுத்தா பிள்ளைய. நேரமாகுது."

பாதி குடிக்கும்போதே செல்வி பிள்ளையைப் பிடுங்கிப் போடுவாள்.

ஒரு வருஷம் போனது. ஈஸ்வரி மகன் நடந்தான், ஓடினான், கோழியைத் துரத்தினான். கனிஷ்கா தொட்டிலில் கிடந்தாள். அங்கன்வாடி டீச்சர் வந்து தொட்டிலோடு சேர்த்து எடைபோட்டுத் தொட்டில் எடையைக் கழித்து எழுதிக்கொண்டு போனாள். இரண்டாம் வருஷம் பிள்ளைக்குப் பேச்சு வந்தது. குளிக்கவும் வெளிக்கிருக்கவும் மட்டும் வெளியே எடுப்பார்கள். அந்த நேரத்துக்கு இரண்டு பெண்கள் வெறுந்தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அதோடு போய்ப் போய் வருவார்கள். தரையில் இறக்கினால் பிள்ளைக்குக் குமட்டியது. கால் சுரைத்தண்டு மாதிரி மடங்கியது.

"அம்மா, எனக்குக் காலு எப்ப மொளைக்கும்?" என்று அது கேட்டது.

"இருக்குதேடி கண்ணு. இந்தா, இதான் காலு."

"இது ஒனக்கு இருக்குற மாதிரி இல்ல."

கார்மேகத்திடம் சொன்னால், "நீ என்னமோ ஊர்ல இல்லாத பிள்ளைய வச்சிருக்கிற மாதிரி பேசாத. நம்ம பிள்ளையாலதான் இந்த ஊரே பொழைக்குது" என்பான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வரும். முன்னெல்லாம் படகில் கடைசி ஆளாக ஏறியவனுக்கு இப்போது படகின் முன்பக்கம், அணியத்தில் இடம்.

கடல் ஆபீஸிலிருந்து மேடம் வந்தது அந்த வருஷம்தான். கயிறு அறுந்ததிலிருந்து மிதவை வாயடைத்துப்போய், ஆபீஸ் படத்தில் அந்த இடம் மட்டும் ஓட்டையாக இருந்ததாம்; விசாரித்து விசாரித்து வந்தவர், கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் தொட்டில் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு அழகா இருக்கு! எங்க கம்ப்யூட்டர்ல கூட இவ்வளவு நுணுக்கமா வராது" என்றார். கூரைக் கம்பியில் ஒரு கேமராவைக் கட்டினார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அது கண் சிமிட்டிப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பியது. கனிஷ்காவுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள்.

மேடம் நல்ல மாதிரிதான். பிஸ்கட் கொண்டுவந்தார், பொம்மை கொண்டுவந்தார். சிவப்பு என்றால் சூடு என்று வில்லாயுதத்திடம் பொறுமையாகச் சொன்னார். "இந்தச் சிவப்பு வளர்றது நல்லதில்ல சார்."

"நீங்க படிச்சவுக, அப்படித்தான் சொல்லுவீக. நாங்க அள்ளிப் பாத்தவுக மேடம்" என்றார் வில்லாயுதம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டார்.

எல்லாரும் போனபிறகு, கேமராக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த மேடத்தின் பக்கத்தில் போய் நின்றாள் செல்வி.

"மேடம், எம்பிள்ள எப்ப நடக்கும்?"

"இன்னும் ஒரே வருஷம்மா. எங்க அறிக்கை முடிஞ்சிடும்" என்றார் மேடம்.

மூன்றாம் வருஷம் சிவப்பு கட்டைவிரல் அகலத்திலிருந்து கையகலமானது, கையகலத்திலிருந்து முழ அகலமானது. முந்தானையை விட்டு நகர்ந்து மஞ்சளைத் தின்றது, பச்சையைத் தின்றது. ஊர் அதைப் பார்த்துப் பூரித்தது. செல்விக்கு மட்டும் அது தொட்டுத் தெரிந்த விஷயம். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு எடுக்கிறவள் அவள்தான். சிவப்பு இருக்கிற இடம் தோசைக்கல்லிலிருந்து இறக்கி வைத்த மாதிரி கையைச் சுட்டது. சிவப்பு பட்ட இடத்தில் பிள்ளைக்கு வேர்க்குரு வந்தது, வேர்க்குரு உடைந்து புண்ணானது. தேங்காயெண்ணெய் தடவித் தடவி அவள் விரலுக்கு அந்தக் கடல் முழுக்க மனப்பாடமாகியிருந்தது. அஞ்சாப்போடு படிப்பு நின்றவளிடம் அதை யார் கேட்பார்கள்?

ஐப்பசியில் ஒருநாள் விடியும்போது தொட்டில் நின்றது.

செல்வி கையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல்தரமாக அந்த வீடு அசையாமல் இருந்தது. தொட்டில் தூக்குப்போட்ட மூட்டை மாதிரி நேராகத் தொங்கியது. சேலை கரையிலிருந்து கரை வரைக்கும் சிவப்பு, ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் ஒரே சிவப்பு.

"அம்மா, சுடுது" என்றது பிள்ளை. தூக்கிப் பார்த்தாள். முதுகு பூராவும் பொத்துப்போயிருந்தது. பிள்ளையை எடுத்த பிறகும் அன்று சேலையின் சிவப்பு வெளுக்கவில்லை.

அதற்குள் வாசலில் ஆரவாரம் கேட்டது. "அடேய், முழுச் சேலையும் மங்களம்டா! கடலு கொளம் மாதிரி கெடக்கு! ஒரு வள்ளம் கரையில கெடக்கக் கூடாது, எல்லாத்தையும் எறக்கு!" என்று வில்லாயுதம் துண்டைச் சுழற்றிக்கொண்டு நின்றார். கார்மேகம் அதற்குள்ளேயே சாப்பாட்டு வாளியை எடுத்துவிட்டான்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வி வாசலுக்கு வந்தாள். இத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் வந்து நின்றதை அன்றுதான் பார்க்கிறார்கள்.

"அண்ணே, போகாதீகண்ணே."

சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள். "போகாதீகண்ணே. இது மீனு இல்ல, சூடு. கடலு கொதிச்சுப்போய்க் கெடக்கு. அலை இல்லாம இப்படிப் பம்முறது நல்லதுக்கில்ல. பிள்ள முதுகப் பாருங்க."

"பௌடரு போடுத்தா" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"இருங்கப்பா, பாவம், பெத்தவ பயப்படுறா. மேடத்தையே கேட்டுருவோம்" என்றார் வில்லாயுதம். போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி பிடித்தார்.

"இன்னைக்கு வந்த படத்தை நாங்க எடுத்துக்கலை சார்" என்றது மேடத்தின் குரல். "படம் முழுக்க ஒரே நிறமா வந்தா கருவிக் கோளாறுன்னு அர்த்தம். கடல் அப்படி இருக்க வாய்ப்பில்லை. அழிச்சிட்டோம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"கோளாறுதானாம்" என்றார் வில்லாயுதம். "கெளம்புங்கடா."

செல்வி அங்கேயே நின்றாள். பேசாமல் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும். தொட்டில் நின்றுவிட்டது, நின்ற தொட்டிலை அவிழ்க்கத் தடையில்லை. படகெல்லாம் போன பிறகு ஈஸ்வரியைக் கூப்பிட்டு, விளக்கேற்றி வைத்து, முறையாக முடிச்சை அவிழ்த்துச் சேலையை மடித்து வைத்துவிட்டால், மகள் அவளுக்கு மகளாகக் கிடைத்துவிடுவாள், யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். மூன்று வருஷம் இதற்குத்தானே காத்திருந்தாள். போகிறவர்கள் எண்பது பேர். அதில் ஒருவன் அவள் புருஷன், ஒருவன் பௌடர் போடச் சொன்னவன்.

அடுப்படிக்குப் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்தாள். பிள்ளை இடுப்பில் இருக்க, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தொட்டிலை மேலே பிடித்து, கயிற்றை அறுத்தாள். உப்பில் நையாத கயிறு, சீக்கிரம் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து அறுத்தாள். தொட்டில் பொத்தென்று விழுந்தது. விழுந்ததும் சேலை வெளுத்துப்போனது.

யாரோ தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். ஈஸ்வரி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, "அடிப்பாவி, உசுரோட இருக்குற பிள்ளைக்கு அறுத்துட்டியேடி!" என்று ஓலமிட்டாள்.

வில்லாயுதம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வலையக் கரையில எறக்குங்கப்பா. மூணு நாளைக்கு ஆரும் கடல்ல கால் வைக்கக் கூடாது. எழவு விழுந்த ஊரு" என்றார். செல்வியின் இடுப்பில் இருந்த பிள்ளையை அவர் பார்க்கவில்லை.

பிற்பகலில் வானம் கறுத்தது. கரையிலிருந்து பார்த்தவர்கள், கடல் முதலில் முழங்கால் ஆழத்துக்கு உள்வாங்கியதையும், பிறகு சுவர் மாதிரி எழுந்து வந்ததையும் பார்த்தார்கள். வள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடைந்தன. வில்லாயுதத்தின் மூன்று படகும் தெருவுக்குள் வந்து கிடந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ஒரு உயிர் போகவில்லை. உயிர் போகாததற்கு யாரும் காரணம் தேடவில்லை. படகு போனதற்குத்தான் தேடினார்கள். தேடவும் வேண்டியிருக்கவில்லை, மூன்று வருஷம் தொட்டிலில் கட்டிப்போட்டிருந்த கடலை அறுத்துவிட்டவள் கண்முன்னாலேயே இருந்தாள்.

மேடம் போன் பண்ணினார். "அந்தப் படம் சரிதாம்மா. தப்பா அழிச்சிட்டோம். அந்தத் துணி இருக்கா? அதுல நிறம் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அடடா" என்றார் மேடம்.

அடிக்கவில்லை, விரட்டவில்லை. அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர் இல்லை. தொட்டில் அறுத்த பிள்ளை செத்த பிள்ளை, அவ்வளவுதான். கனிஷ்கா என்று யாரும் கூப்பிடவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி தாண்டிப் போனார்கள். அங்கன்வாடியில் பேரை அடித்துவிட்டிருந்தார்கள். செல்வி போய்க் கேட்டபோது டீச்சர் தலையை நிமிர்த்தாமல், "இல்லாத பிள்ளைக்கு எதுக்குத்தா சத்துமாவு?" என்றாள். ஈஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி குரலை இறக்கி, "கேதம் கேக்கணும்னு நெனச்சேன்த்தா, வரமுடியல" என்றாள். செல்வியின் இடுப்பில் பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் கார்மேகம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"நீ அறுத்தியே, அப்ப ஒரு நிமிசம் அவ செத்துட்ட மாதிரியே இருந்துச்சு எனக்கு. அது போகமாட்டேங்குது."

"இந்தா இருக்காளேய்யா. தூக்கிப் பாருங்க."

அவன் தூக்கவில்லை. "கொஞ்ச நாளு பரமக்குடியில ஒங்கம்மா வீட்ல இரு. படகெல்லாம் சரியாகட்டும்."

மறுநாள் காலை பத்து மணிப் பஸ்ஸில் செல்வி ஏறினாள். துணிப்பை ஒன்று, பிள்ளை ஒன்று. ரோடு புயலில் பெயர்ந்து கிடந்தது. பஸ் குழியில் இறங்கி ஏறி, சாய்ந்து நிமிர்ந்து, ஒட்டகம் மாதிரி போனது. கம்பியைப் பிடித்து நின்ற ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள். ராமநாதபுரம் தாண்டியதும், செல்வி முந்தானையை இழுத்து விடுவதற்குள், பிள்ளை மடியிலிருந்து வழுக்கிக் கீழே இறங்கியது. பிடிக்கப் போனவள் கை அப்படியே நின்றது.

பிள்ளை நின்றது. நடுவழியில், எதையும் பிடிக்காமல், காலை அகட்டி வைத்து நின்றது. பஸ் இடது பக்கம் சாய்ந்தால் வலது முட்டியை மடித்தது, வலது பக்கம் சாய்ந்தால் இடது முட்டியை மடித்தது. பிறகு ஒரு அடி எடுத்து வைத்தது. இன்னொரு அடி. கண்டக்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு தடுமாறி வர, அது அவரைத் தாண்டி டிரைவர் பக்கம் நடந்துபோய்த் திரும்பி அம்மாவைப் பார்த்தது.

"கெட்டிக்காரப் பிள்ள! பெரியவனுகளே நிக்க முடியல" என்றார் யாரோ. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் போனாள், வந்தாள், போனாள், வந்தாள்.

பரமக்குடி ஸ்டாண்டில் பஸ் நின்றது. பிள்ளை அந்த நொடியில் கால் மடங்கி விழுந்தது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழப் பார்த்தது. மூன்று தரம் பார்த்தது. பிறகு அங்கேயே வாந்தி எடுத்தது.

"பரமக்குடி, பரமக்குடி! இந்தாத்தா, பிள்ளையத் தூக்கு, எறங்கு" என்றார் கண்டக்டர்.

செல்வி பிள்ளையைத் தூக்கித் துடைத்தாள். அம்மா வீடு ஸ்டாண்டுக்குப் பின்னாடித்தான், மாடியில் காயப்போட்ட துணிகூடத் தெரிந்தது. அவள் திரும்பவும் வந்து அதே சீட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இந்த பஸ்ஸு எது வரைக்கும் போகும்?"

"மதுரை."

"ரெண்டு டிக்கெட்டு குடுங்கண்ணே."

"ரெண்டா? பிள்ளைக்கு எதுக்குத்தா, மடியிலதான இருக்கும்?"

"இல்லண்ணே, அவ நிப்பா."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சிரித்தார். "மதுரையில போயி எறங்கித்தான ஆகணும்" என்றார்.